புனிதர்களோடு ஒரு மாலைப் பொழுது

அக்டோபர் முடியும் வேளையில் நம் பிள்ளைகள் கைபேசியில் பேய் முகமூடிகளையும் எலும்புக்கூடுகளையும் பார்க்கிறார்கள். "நாமும் ஹாலோவீன் கொண்டாடலாமா?" என்று கேட்கிறார்கள். 'கூடாது' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அந்த மாலை உண்மையில் யாருடையது?

ஹாலோவீன் என்ற சொல்லுக்கே புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்திய மாலை என்றுதான் பொருள். 8ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, உரோமை புனித பேதுரு பேராலயத்தில் அனைத்துப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். நாளடைவில் நவம்பர் 1 அவர்களுடைய விழாவாயிற்று. பேய் வேடங்கள் அதன்மேல் படிந்தவை. எனவே 2002ஆம் ஆண்டு பாரிஸ் மறைமாவட்டம் அன்று மாலை நடத்திய விழாவுக்கு 'ஹோலிவின்ஸ்', அதாவது 'புனிதம் வெல்கிறது' என்று பெயரிட்டது. நம் பிள்ளைகளும் அன்று மாலை புனிதர்களாக வேடமிடட்டும்.

எரியோடு போன்ற ஊர்களில் நூற்பாலைக்கும் கூலி வேலைக்கும் செல்லும் பெற்றோர் வேடத்திற்காகக் கடன் வாங்கக் கூடாது. ஆகவே முதல் விதி: வேடத்தைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. வீட்டில் உள்ள காவித் துண்டும் ஒரு கோலும் போதும், புனித அருளானந்தர் வந்துவிடுவார். பழைய செய்தித்தாளில் சங்கிலி செய்தால், 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட நம் தேவசகாயம். வெள்ளைத் துணியில் நீலக் கரை ஒட்டினால் அன்னை தெரேசா. உள்ள சட்டையும் பள்ளிப் பையுமே போதும், 15 வயதில் இறந்து 2025இல் புனிதரான கார்லோ அகுதிஸ். ஒவ்வொரு பிள்ளையும் தன் புனிதரைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லட்டும்.

நாற்பது பிள்ளைகளுக்கு 2 கிலோ கொண்டைக்கடலைச் சுண்டலும் ஆளுக்கொரு கடலை மிட்டாயும் போதும். அன்பியங்கள் பகிர்ந்துகொண்டால் எவருக்கும் சுமையாகாது. பரங்கிக்காயைக் குடைந்து வீணாக்குவதைவிடக் கூட்டு வைத்துப் பரிமாறலாம். விளக்குக்குக் கொட்டாங்கச்சியும் ஒரு சிறு மெழுகுவர்த்தியும் போதும். பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்கட்டும். ஐப்பசி மழை வரக்கூடும் என்பதால் கூரையுள்ள இடமாகப் பாருங்கள். பரிசுப் போட்டி வேண்டாம். புதுத்துணி உடுத்திய பிள்ளைக்கே பரிசு போய்ச் சேரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் தாயையோ தந்தையையோ அண்மையில் இழந்த பிள்ளையும் இருக்கலாம். எலும்புக்கூடு வேடம் மற்றவர்களுக்கு விளையாட்டு. அந்தப் பிள்ளைக்கு அது காயம். ஆகவே முடிவில் விளக்கேற்றி, ஒவ்வொருவரும் தம் வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லட்டும். விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அதே பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்வோம். புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றட்டும்.

கல்லறை பேய் குடியிருக்கும் இடமன்று. உயிர்ப்புக்காக நம்மவர் காத்திருக்கும் இடம். இதை நம் தாத்தா பாட்டிகள் பாடமாகச் சொல்லவில்லை, நம் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்று காட்டினார்கள். நாமும் நம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிச் செல்வோமா?