பால்மாப் பேணியில் எழுதியிருப்பது

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வாவியைக் கடந்து ஒரு மூதாட்டியார் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பகுதி வழக்கப்படி நான் அவரைப் பெத்தா என்றே அழைப்பேன். அவர் கொணர்ந்த பையில் ஒரு பால்மாப் பேணியும், ஒரு சூப்பிப் போத்தலும், குழந்தையின் சுகாதாரப் பதிவேடும் இருந்தன.

"தம்பி, இந்தப் பேணியில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. எழுத்துப் பொடியாக் கிடக்கு" என்றார்.

அவருடைய மகள் கடும் நோய்க்காகச் சிகிச்சை பெற்று வருபவர். உட்கொள்ளும் மருந்து பாலிலும் கலக்குமாதலால் தாய்ப்பால் ஊட்டலாகாது என வைத்தியர்கள் கூறிவிட்டனர். நான்கு மாதப் பேரனைப் பெத்தாவே வளர்த்து வந்தார். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நிறையைக் காட்டும் கோடு இரண்டு மாதம் ஏறிப் பின்னர் படுத்துவிட்டிருந்தது.

அப்பேணியின் விதி, 30 மில்லிலீற்றர் நீருக்கு ஒரு கரண்டி மா என்பது. 150 மில்லிலீற்றருக்கு ஐந்து கரண்டி வேண்டும். பெத்தா இட்டதோ மூன்று.

"பேணி நாலு நாளைக்கும் காணாது தம்பி. அதான் தண்ணியக் கொஞ்சம் கூட விட்டன்" என்று சொல்லித் தலை குனிந்தார்.

குழந்தை வயிறு நிறையக் குடித்துக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறது!

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையை அழித்துச் சென்றபின், அகதிகள் தங்கிய பாடசாலையொன்றில் நானும் ஒரு தொண்டனாக நின்றேன். துணிமணிகளோடு பால்மாப் பேணிகளும் வந்து குவிந்தன. கைக்குழந்தையுடன் நின்ற தாய்மார் எல்லோருக்கும், தாய்ப்பால் ஊட்டியவர்களுக்குங்கூட, நான் என் கையாலேயே அவற்றை வழங்கினேன். கொதிநீருக்கு விறகில்லை, போத்தலைக் கழுவ நல்ல நீரில்லை. இவற்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே கூடாரந்தோறும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. அது என் பேணிகளால் வந்ததா, நீரால் வந்ததா என்பதை யார் பிரித்தறிவார்? ஆயினும் 2006ஆம் ஆண்டு யாவாத் தீவின் யோக்கியகர்த்தாவில் நில நடுக்கம் நிகழ்ந்தபின் ஆய்ந்தவர்கள் கண்ட உண்மையைப் பின்னாளில் வாசித்தபோது என் மனம் துணுக்குற்றது. நன்கொடையாகப் பால்மா பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம், பெறாதவர்களிடையே இருந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்காம்.

இவ்வபாயம் புதிதன்று. ஜமேக்காவிற் பிறந்த வைத்தியப் பெருமாட்டி சிசிலி வில்லியம்ஸ், 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலே பேசி, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய தகரப்பாலைப் புகுத்திய வாணிகத்தைக் கண்டித்தார். நாற்பதாண்டுகளுக்குமேற் கழிந்து, 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக் கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த நாடு ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. இலங்கை 1983ஆம் ஆண்டிலேயே தனக்கெனவும் ஒரு கோவையை ஆக்கிக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். இது நாம் பெருமைப்படத் தக்கது. எனவே பாலூட்டக்கூடிய தாய்மார் எவரும் பேணியை நாட வேண்டியதில்லை. நோயாலும் மரணத்தாலும் தாய்ப்பால் இழந்த சிசுக்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

நிற்க. பால் கரைக்கும் முறையைக் கூறுவேன். நான் வைத்தியன் அல்லேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டலைப் படித்து, எங்கள் பகுதி மருத்துவமாதுவிடமும் கேட்டுத் தெளிந்தவற்றையே சொல்கிறேன்.

பால்மா கிருமியற்ற பொருள் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. மூடி திறவாத பேணியிலும் குரோனோபக்டர் என்னும் கிருமி அரிதாக இருக்கக்கூடும். பச்சிளங் குழந்தைகளுக்கு அது மூளையுறை அழற்சியைத் தந்து உயிருக்கே உலை வைக்கும். ஆதலால் மாவைக் கரைக்கும் நீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருத்தல் வேண்டும். புதிதாகப் பிடித்த நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து இறக்கி, அரைமணி நேரத்துக்குள் மாவிட வேண்டும். நீரை முதலில் அளந்து ஊற்றுக. மாவைப் பின்னர் இடுக. பேணிக்குள் இருக்கும் கரண்டியையே பயன்படுத்தி, தலைதட்டி அளந்திடுக. சில பேணிகளுக்கு 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி. வேறு சிலவற்றுக்கு 60க்கு ஒன்று. ஒன்றின் கரண்டியை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது. மா குறைந்தால் குழந்தை மெலியும். கூடினால் வயிறும் சிறுநீரகமும் வருந்தும்.

கரைத்த பாலைக் குளிர்நீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்தபின் ஊட்டுக. இரண்டு மணி நேரத்துக்குள் அருந்தாததையும், குடித்து எஞ்சியதையும் கொட்டிவிடுக. "இவ்வளவு விலைகொடுத்து வாங்கிய பால் ஆயிற்றே!" என்று மனம் தடுக்கும். வயிற்றோட்டத்தின் விலை அதனினும் பெரிது. இரவுக்கென முன்கூட்டியே கரைத்து வைத்தலும் வேண்டா.

வாவிக்கரையில் வாழும் நமக்கு மற்றுமொரு கவலை உண்டு. இங்குப் பல கிணறுகளில் நீர் உவர்ப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. நீர் வற்ற வற்ற உப்பு மிகவே செய்யும். சிசுவின் சிறுநீரகம் அவ்வுப்பைத் தாங்காது. உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்துக் குழாயில் வரும் நீரையோ, நன்னீர்க் கிணற்று நீரையோ இதற்கெனத் தனியே எடுத்து வைத்தல் நலம்.

இனிப் போத்தல். விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்திலே நீண்ட இறப்பர்க் குழாய் பூட்டிய போத்தல்கள் விற்பனையாயின. குழாயின் உட்புறம் கழுவ முடியாமையால் கிருமி பெருகிச் சிசுக்கள் மாண்டன. மக்கள் அவற்றைக் கொலைப் போத்தல் என்றே அழைக்கலாயினர். இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே: அழகைப் பாராது, கழுவ எளியதா என்று பார்க்க. வாய் அகன்று, உள்ளே மூலைமுடுக்கின்றி, அளவுக் கோடுகள் தெளிவாயுள்ள போத்தலே நல்லது. கண்ணாடி கொதிநீருக்கு அஞ்சாது. ஆனால் கைதவறினால் உடையும். பிளாஸ்டிக்காயின், 2020இல் டப்ளின் ஆய்வாளர் கண்டதை மறவாதீர்: பொலிபுரொப்பிலீன் போத்தலிற் சுடுநீரில் பால் கரைக்கும்போது, லீற்றருக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் வரையான நுண்துகள்கள் கலந்தன. ஆகவே கண்ணாடி அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்திற் கரைத்து, ஆறியபின் போத்தலில் ஊற்றுக. எப்போத்தலாயினும் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு கழுவி, சூப்பியை உட்புறம் வெளியே திருப்பித் தேய்த்து, நீரில் முழுதும் அமிழ்த்திக் கொதிக்கவைத்தே பயன்படுத்துக. அதற்கு வசதியில்லையேல் சிறு கிண்ணத்தால் ஊட்டுதலே சிறந்தது. தமிழ் நாட்டுப் பாட்டிமார் சங்கினாலும் பாலாடையினாலும் ஊட்டி வளர்க்கவில்லையா?

வீட்டார் தேநீருக்கு வாங்கும் பால்மாவும் தகரப்பாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உரியனவல்ல என்பதையும் நினைவிற் கொள்க.

பெத்தாவுக்கு இவற்றை ஓர் அட்டையிற் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மருத்துவமாது வீடு சென்று செய்து காட்டினார். மாவின் செலவை உறவினர் மூவர் பங்கிட்டுக்கொண்டனர். ஏனெனில், அளவைச் சொல்லிக் கொடுத்து அதனை வாங்க வழி காட்டாதுவிடின், சொன்னதனால் ஆவதென்ன?

சென்ற மாதம் பெத்தா மீண்டும் வந்து பதிவேட்டை விரித்துக் காட்டினார். கோடு மேல்நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது.

"இப்ப அஞ்செண்டா அஞ்சுதான் தம்பி" என்றார்.