விழியமுக்கமும் ஊசிச் சிகிச்சையும்

பொறிகள் ஐந்தனுள் தலையாயது கண். அக்கண்ணின் ஒளியைப் பெரும்பாலும் நோவின்றியே கவர்ந்து செல்லும் கொடிய பிணி குளுக்கோமா. சீனதேசத்து ஊசிச் சிகிச்சையாகிய அக்குபங்சர் இப்பிணியைத் தணிக்க வல்லதோ எனச் சிலர் வினவுவர். அதனை ஈண்டு ஆராய்வாம்.

கண்ணினுள் நீர்மயவுடனீர் என்னும் தெளிந்த நீர் இடையறாது சுரந்து, கதிராளியும் விழிவெண்படலமும் கூடும் கோணத்திலுள்ள நுண்வலை வழியே வடிகின்றது. சுரப்பும் வடிப்பும் ஒத்திருக்குங்கால் விழியமுக்கம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவினுள் நிற்கும். வடிகால் தடைப்படின் அமுக்கம் ஏறும். பார்வை நரம்பு நலியும். பார்வைப் புலம் ஓரத்திலிருந்து சுருங்கும். மாண்ட நரம்பிழை மீள்வதில்லை. அமுக்கம் மிகாதாரிடத்தும் இப்பிணி தோன்றுவதுண்டு. எனினும், சிகிச்சையால் மாற்றத்தக்கதென நன்கு நிறுவப்பட்ட ஏது அமுக்கமே. 1857 இல் ஜேர்மானிய வைத்தியர் வொன் கிறாவே கதிராளியின் ஒரு கூற்றை நீக்கிக் கடுங்குளுக்கோமாவைத் தணித்தமையும், பின்னர்ச் சொட்டு மருந்துகள் தோன்றியமையும் இவ்வழியினவே.

சீன வைத்திய நூலோர், உயிராற்றல் நாளங்கள் வழியே உடலெங்கும் ஓடுமென்றும், குறித்த புள்ளிகளில் ஊசியேற்றின் அவ்வோட்டம் சீர்ப்படுமென்றும் கொள்வர். உட்கடைக்கண்ணருகே அமைந்த சிங்மிங் என்பது அத்தகைய புள்ளிகளுள் ஒன்று. ஊசி நரம்பைத் தூண்டிக் குருதியோட்டத்தை மாற்றலாம் என்பது இக்காலத்தார் சிலரின் ஊகம்.

ஊகம் மெய்யாதற்குச் சோதனை வேண்டும். விழியமுக்கம் ஒரு நாளினுள்ளேயே ஏறி இறங்கும் இயல்பினது. ஆகலின், ஊசியேற்றியபின் ஒருமுறை அமுக்கம் தாழ்ந்தமை கண்டு, ஊசியே காரணமெனத் துணிதல் பொருந்தாது. போலிச் சிகிச்சை பெற்றாரோடு ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும். 2013 இல் வெளிவந்த கொக்கிறேன் ஆய்வுத்தொகுப்பு, 33 நோயாளரிடத்துச் செவிப்புள்ளிகளை அழுத்திச் செய்த சோதனை ஒன்றை ஆராய்ந்தது. நான்காம் வாரத்தில் அமுக்கம் போலிச் சிகிச்சையினரினும் மிகுதியாகத் தாழ்ந்தது. எட்டாம் வாரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அத்தொகுப்பு 2020 இல் புதுக்கப்பட்டபோதும் உறுதியான முடிவு கூறத்தக்க சான்று கிட்டவில்லை.

பயனில்லை என்று நிறுவப்பட்டதன்று. பயனுண்டு என்றும் நிறுவப்படவில்லை என்பதே நேரிய கூற்றாகும். விழியைச் சூழ ஊசியேற்றுங்கால் குருதி கசிதலும் கூடும். ஊசிச் சிகிச்சையை விரும்புவார் கண்வைத்தியரின் அறிவுரையோடு அதனைத் துணையாகக் கொள்ளலாம். அதனை நம்பிச் சொட்டு மருந்தையோ சத்திரசிகிச்சையையோ கைவிடலாகாது. மருந்தை விட்டிருந்த திங்களில் இழந்த பார்வையை எந்த ஊசியும் மீட்டுத் தராது.