சுற்றுலா வீசாவும் பயணத்தின் நோக்கமும்

மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து கப்பலேறினார். மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நாடிச் சென்ற அக்கப்பல் வழி தவறிப் புத்தளக் கரையை அடைந்தது. இது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை என்றறிந்த கப்பல் தலைவன் இறங்க அஞ்சினான். இப்னு பதூதாவோ துணிந்து இறங்கித் தாம் இன்னார் என்றும், மஃபர் சுல்தானின் உறவினர் என்றும், அவரிடமே செல்கின்றார் என்றும், கப்பலில் உள்ளவை அவருக்குரிய பொருள்கள் என்றும் அறிவித்தார். மன்னன் அவரை அழைத்து உபசரித்தான். ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தைக் கேட்டுப் பல்லக்கும் வழித்துணையும் உணவு சுமப்போரும் கொடுத்து அனுப்பினான். அவ்வழியில் அவர் ‘மனார் மந்தலி’ எனக் குறித்த ஊர், மதுரங்குளிக்குத் தெற்கே உள்ள முந்தலாகலாம் என்று கருதுவோரும் உண்டு.

நீ யார், எதற்காக வந்தாய், உன் செலவைத் தாங்குவோர் யார், எப்போது திரும்புவாய் என்பனவே அன்றும் இன்றும் அயல்நாட்டு வாசலில் எழும் கேள்விகள். மன்னன் நேரிற் கேட்டறிந்ததை இன்று வீசா விண்ணப்பப் படிவம் கேட்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

கடவுச்சீட்டையும் வீசாவையும் ஒன்றெனக் கொள்வோர் கிராமப்புறங்களில் இன்னும் பலர். கடவுச்சீட்டு, பயணி இந்நாட்டுப் பிரசை என்பதற்கு இலங்கை அரசு தரும் சான்று. அதனைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வழங்குகின்றது. வீசாவோ, செல்லவிருக்கும் நாடு தரும் இசைவு. அதனைத் தரவோ மறுக்கவோ அந்நாட்டுக்கே உரிமை உண்டு. வீசா கிடைத்துவிட்டால் உள்ளே செல்வது உறுதி என்று எண்ணுவதும் தவறு. விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி, பயணியின் விடையில் ஐயம் கொண்டால், வீசா இருந்தும் திருப்பி அனுப்பலாம்.

இக்கட்டுப்பாடு இலங்கை இந்தியப் பயணத்தில் வேரூன்றியது அண்மைக் காலத்திலேதான். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிற்று. ரயிலும் கப்பலுமாக மக்கள் போய்வந்தனர். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபின் அப்பழைய எளிமை மறைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பற் சேவை சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்ல விரும்பும் புத்தளத்தார் இச்செய்தியை மகிழ்ச்சியோடு கேட்டிருப்பர். ஆயினும் கடல் எவ்வளவு குறுகியதாயினும் வீசா வேண்டியதே.

ஆசிய நாடுகள் யாவும் ஒரே விதி உடையன அல்ல. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் சிங்கப்பூருக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்ல முன்கூட்டியே வீசா பெற வேண்டுவதில்லை. ஆனால் வருகை அட்டையை இணையம் வழியே நிரப்பியிருத்தல் வேண்டும். மாலைதீவிலும் நேபாளத்திலும் சென்று இறங்கியபின் வீசா வழங்கப்படுகின்றது. இந்தியாவுக்கு முன்கூட்டியே பெற்றாக வேண்டும். 2015 முதல் இந்திய மின்வீசாவை இணையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். எனினும் அதனைக் கொண்டு எந்தத் துறையிலும் இறங்கிவிட முடியாது. அதற்கெனக் குறிக்கப்பட்ட விமான நிலையங்களும் துறைமுகங்களும் உள்ளன. பயணச்சீட்டு வாங்குமுன் இதனைப் பார்த்துக்கொள்வது பணத்தைக் காக்கும். பெரும்பாலான நாடுகள், கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்றும், திரும்புவதற்கான பயணச்சீட்டும் தங்குமிட விவரமும் காட்ட வேண்டும் என்றும் எதிர்பார்க்கின்றன.

விதிகள் மாறும் வேகமும் சிறிதன்று. இலங்கையையே எடுத்துக்கொள்ளலாம். இங்கு வருவோர்க்கு 2012 இல் தொடங்கிய மின்னணு அனுமதி முறை 2024 ஏப்ரலில் மாற்றப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்தியது. அதன்பின் பழைய முறையே திரும்பிற்று. ஒரே ஆண்டில் இத்தனை மாற்றம் நேருமாயின், சென்ற ஆண்டு போய்வந்த அயலவர் சொல்லும் விவரத்தை நம்பிப் புறப்படுதல் எங்ஙனம் பொருந்தும்? அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவித்தலே சான்றாகும்.

இவை யாவற்றினும் பெரிது நோக்கம் பற்றிய கேள்வி. சென்னையில் பெரிய சத்திரசிகிச்சைக்குச் செல்பவர் மருத்துவ வீசா பெற வேண்டும். உடன் செல்வோருக்கும் தனி வீசா உண்டு. ஹஜ் கடமையைச் சுற்றுலா வீசாவில் நிறைவேற்றச் சவூதி அரசு இடம் தருவதில்லை. 2024 ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் கடும் வெப்பத்திடையே 1,301 பேர் இறந்தனர் என அவ்வரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் உரிய அனுமதியின்றிச் சென்றவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்களே.

தொழில் தேடிச் செல்வோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. புத்தளம் மாவட்டத்திலிருந்து மத்திய கிழக்குக்குச் செல்லும் பெண்கள் பலர். “இப்போது சுற்றுலா வீசாவில் போங்கள், அங்கே போனபின் வேலை வீசாவாக மாற்றிக்கொள்ளலாம்” என்று இனிமையாகப் பேசும் தரகர்கள் ஊர்தோறும் உண்டு. அவ்வாறு ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் துன்புறுத்தலுக்கு ஆளான செய்தி 2022 நவம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கிற்று. கணினி வேலை என்று நம்பிச் சென்ற இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களுள் அடைபட்டுக் கிடந்ததையும், அவர்களுட் சிலர் 2024 இல் மீட்கப்பட்டதையும் பத்திரிகைகள் எழுதின.

சுற்றுலா வீசாவில் வேலை செய்பவர் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகின்றார். சம்பளம் கொடுக்காத எசமான்மீது முறையிட அவர் அஞ்சுவார். முறையிட்டால் முதலிற் பிடிபடுபவர் தாமே என்பதை அவர் அறிவார். தரகருக்கு வேண்டுவதும் அந்த அச்சமே. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதிற் பதிவு செய்து செல்பவருக்கு ஒப்பந்தமும் காப்புறுதியும் உண்டு; சுற்றுலாப் பயணியாகச் சென்றவருக்கு இவை இரண்டும் இல்லை.

வேலைக்கு அழைக்கும் ஒருவர் சுற்றுலா வீசாவை நீட்டினாலோ, கடவுச்சீட்டைத் தம் கையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாலோ, அவர் உரிமம் பெற்ற முகவர்தானா என்பதைப் பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். பணம் கைமாறுமுன் விசாரித்தல் நலம்.