ஈயம் எவ்வளவு? எதை வைத்து அளந்தார்கள்?

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம். 0.009 வந்தால் தண்ணீர் தேறிவிடும்; 0.011 வந்தால் தேறாது. இந்த நூலிழை வித்தியாசத்தை எந்த இயந்திரமும் தானாகச் சொல்லாது. விலையுயர்ந்த ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிகூட ஈய அயனிகளை எண்ணி ஓர் எண்ணிக்கையைத் தரும், அவ்வளவுதான். அது எத்தனை மில்லிகிராம் என்று தெரிய, ஈயத்தின் அளவு முன்பே உறுதியாகத் தெரிந்த வேறொரு கரைசலை அதே கருவியில் செலுத்திப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் திட்டக் கரைசல்; ஆய்வகத்தில் ‘ஸ்டாண்டர்டு’.

அதில் இரண்டு சதவீதம் பிழை இருந்தால், அன்று சோதித்த எல்லா மாதிரிகளிலும் அதே பிழை ஏறிவிடும். பத்து முறை சோதித்தாலும் பத்து முறையும் ஒரே தவறான விடைதான் வரும். பார்ப்பவருக்கோ அது துல்லியம்போலத் தோன்றும்!

அப்படியானால் ஸ்டாண்டர்டுக்கு யார் பொறுப்பு? கடையில் வாங்கும் புட்டியைத் தயாரித்த நிறுவனம், அதைத் தேசிய அளவியல் நிறுவனம் ஒன்றின் கரைசலோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்ட் இதற்கென்றே ‘3100’ வரிசைக் கரைசல்களை வைத்திருக்கிறது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ‘பாரதீய நிர்தேசக் திரவிய’ என்ற பெயரில் ஒப்பீட்டுப் பொருள்களை வெளியிடுகிறது.

இந்த ஒப்பீட்டுச் சங்கிலியின் உச்சியில் நடக்கும் வேலை பொறுமையைச் சோதிப்பது. உலோகத்தின் மீது ‘99.99 சதவீதம்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டை அங்கே யாரும் நம்புவதில்லை. கலந்திருக்கும் மற்ற தனிமங்களை ஒவ்வொன்றாக அளந்து நூறிலிருந்து கழிக்கிறார்கள். மேற்பரப்பின் ஆக்சைடை அமிலத்தால் நீக்கி எடைபோடுகிறார்கள். உலோகத்தைக் காற்று மேலே தூக்கும் சிறு விசைக்கும் திருத்தம் உண்டு. நைட்ரிக் அமிலத்தில் கரைத்தபின் எடைப்படியே நீர்க்கச் செய்கிறார்கள், ஏனென்றால் வெப்பநிலை மாறினால் கன அளவு மாறும், நிறை மாறாது. இப்படி அந்தச் சங்கிலி கிலோகிராமில் போய் முடிகிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமே ஓர் உலோக உருளையை விட்டுவிட்டு பிளாங்க் மாறிலியைச் சார்ந்து நிற்கிறது.

இவ்வளவு கவனமாகச் செய்த கரைசலும் சும்மா இருப்பதில்லை. பிளாஸ்டிக் புட்டியின் சுவர் வழியே நீராவி மெல்ல வெளியேற, உள்ளே செறிவு ஏறும். பாதரசக் கரைசலிலோ பாதரசம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். காலாவதித் தேதி சடங்குக்காக அச்சிட்டது அல்ல.

ஸ்டாண்டர்டு சரியாக இருந்தும் விடை தவறலாம். 1980-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் டோரதி செட்டிலும் கிளேர் பேட்டர்சனும் சூரை மீன் தசையில் ஈயத்தை அளந்தார்கள். அரசு ஆய்வகம் ஒன்று முன்பு சொன்னது உண்மை அளவைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. காற்று, பாத்திரம், அமிலம் எல்லாவற்றிலும் இருந்த ஈயத்தையும் மீன் கணக்கிலேயே எழுதியிருந்தார்கள்.

வீட்டுக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுப்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு ஆய்வகம், ஆய்வகங்களின் திறனை மதிப்பிடும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா? முடிவோடு ‘கூட்டல் கழித்தல் இவ்வளவு’ என்ற ஐயப்பாட்டையும் தருவார்களா? 0.009 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ± 0.002 என்று இருந்தால், அந்தத் தண்ணீர் தேறியதாக அடித்துச் சொல்ல முடியாது.