ஸ்கேன் க்ளீன்... அப்புறமும் ரேடியேஷன் வேணுமா? ஹாட்ஜ்கின் லிம்போமா சிகிச்சையில் ஒரு சிக்கலான கணக்கு

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. பயாப்ஸியில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று வருகிறது. நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் புற்றுநோய் இது. ஆரம்பக் கட்டம்தான். மூன்று சுற்று கீமோ முடிந்து பெட் ஸ்கேன் எடுத்தால், நோயின் தடயமே இல்லை. ஆனாலும் டாக்டர், ‘அடுத்து ரேடியேஷன்’ என்கிறார். ‘அதான் எல்லாம் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு?’ என்று கேட்கத் தோன்றும்தானே? ஆய்வாளர்களும் பல வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

ரேடியேஷன் மேல என்ன கோபம்?

கோபமெல்லாம் இல்லை. இந்த நோயை முதலில் குணப்படுத்திக் காட்டியதே கதிர்வீச்சுதான். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லான், கழுத்து, அக்குள், நெஞ்சு எனப் பரந்த பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தார். பாதிப்பு தெரியவந்தது ரொம்பத் தாமதமாக. 15, 20 வருடம் கழித்து, குணமானவர்களில் சிலருக்கு மார்பகப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய், இதய நோய். இந்த லிம்போமா அதிகம் தாக்குவதோ 20, 30 வயதுக்காரர்களை. அவர்களுக்கு 20 வருடம் என்பது பாதி வாழ்க்கைகூட இல்லை.

இன்றைய கதிர்வீச்சு அப்படி இல்லை. பரப்பும் குறைவு, அளவும் குறைவு. ஆபத்துக் காரணிகள் குறைந்தவர்களுக்கு 2 சுற்று கீமோவும் 20 கிரே கதிர்வீச்சுமே போதும் என்று ஜெர்மனியின் ஹெச்டி10 ஆய்வு 2010-ல் காட்டியது.

சுத்தமாக நிறுத்திவிட்டால்?

இதைச் சோதித்தது பிரிட்டனின் ‘ரேபிட்’ ஆய்வு. 2015-ல் முடிவு வெளியானது. மூன்று சுற்று கீமோவுக்குப் பிறகு ஸ்கேன் க்ளீனாக இருந்த 420 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். கதிர்வீச்சுக்கு ஒதுக்கப்பட்ட 209 பேரில் 8 பேருக்கு நோய் திரும்பியது. கதிர்வீச்சு இல்லாத 211 பேரில் 20 பேருக்கு.

முதல் பார்வைக்கு ரேடியேஷன்தான் ஜெயிக்குது. ஆனா இன்னொரு பக்கம் பாருங்க: கதிர்வீச்சே வாங்காத அந்த 211 பேரில் பெரும்பாலானோருக்கு நோய் திரும்பவே இல்லை. மூன்று ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் 97 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். நோய் திரும்பினாலும் பலரைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் அதற்கான கடுமையான கீமோவும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் சாதாரண விஷயம் இல்லை.

ஜெர்மனியின் ஹெச்டி16 ஆய்வு இன்னும் கறார். இரண்டே சுற்று கீமோவோடு நிறுத்தியவர்களில், ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86.1%. கதிர்வீச்சும் சேர்ந்தால் 93.4%. ஆனால் சற்று அதிக ஆபத்துள்ளவர்களுக்கு வீரியமான கீமோ கொடுத்துப் பார்த்த ஹெச்டி17-ல் இந்த இடைவெளி 97.3, 95.1 எனச் சுருங்கியது. ஸ்கேன் க்ளீனாக இருந்தால் அவர்களுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்றது அந்த ஆய்வு. அதாவது, எந்த கீமோ, எத்தனை சுற்று என்பதும் முக்கியம்.

அப்போ யாருக்கு வேண்டாம்?

நெஞ்சில் கட்டி இருந்த 22 வயதுப் பெண்ணுக்கும், கழுத்தில் மட்டும் இருந்த 60 வயது ஆணுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குக் கதிர் படுவது மார்பகத்திலும் இதயத்திலும். அவருக்குத் தவிர்ப்பதில் லாபம் அதிகம். கதிர் எந்த உறுப்பில் படும், தவிர்த்தால் கீமோ சுற்று கூடுமா, நோய் திரும்பினால் அடுத்த சிகிச்சை என்ன... இந்த மூன்றையும் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். ஸ்கேன் க்ளீன் என்று நீங்களாகவே சிகிச்சையை நிறுத்திடாதீங்க.

இளம்வயதில் ஏற்கெனவே நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கிய பெண்கள், சிகிச்சை முடிந்து 8 ஆண்டுகளிலோ 25 வயதிலோ, எது பிந்தியதோ அப்போதிருந்து, ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் எம்ஆர்ஐ-யும் உண்டு. 40 வயசுக்கு மேமோகிராம் எடுத்துக்கலாம்னு காத்திருக்க வேண்டாம்.