கட்டப் புதிரும் மூளை நலமும்: புள்ளடி போடப் பழகுவோம்

"டொக்டர், இந்த விளையாட்டை ஒவ்வொரு நாளும் விளையாடினால் மறதி வராதாமே, உண்மையோ?" கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டி இப்படிக் கேட்கும் எம்மவர்கள் அண்மைக் காலமாக அதிகரித்து வருகிறார்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் கட்டம் போட்டு விடை காணும் தர்க்கப் புதிர். சிலர் பிள்ளைகள் ஏற்றிக் கொடுத்ததால் விளையாடுகிறார்கள். சிலர் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியும் விளையாடுகிறார்கள். இந்தப் புதிரை எப்படி அவிழ்ப்பது, அதனால் உடல் நலத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை இம்முறை பார்ப்போம்.

கட்டப் புதிர் என்றால் என்ன?

சில பேர், சில பொருட்கள், சில இடங்கள் தரப்பட்டிருக்கும். யாருக்கு எது உரியது என்று நேரடியாகச் சொல்லப்பட்டிருக்காது. சில குறிப்புகள் மட்டும் இருக்கும். அவற்றைக் கொண்டு கட்டங்களில் "ஆம்" என்றால் சரி அடையாளமும் "இல்லை" என்றால் புள்ளடியும் இட்டு விடையைக் காண வேண்டும்.

இது புதிய விளையாட்டு அல்ல. இவ்வகையில் மிகவும் பெயர்பெற்ற புதிர் 1962 டிசெம்பர் 17ஆம் திகதி 'லைஃப் இன்ரர்நஷனல்' சஞ்சிகையில் வந்தது. ஐந்து வீடுகள், ஐந்து நாட்டவர், ஐந்து வளர்ப்பு மிருகங்கள். வரிக்குதிரை யாருடையது என்பது கேள்வி. இதே புதிர் "ஐன்ஸ்டைன் சிறுவயதில் எழுதியது, உலகில் 2 சதவீதமானோரால் மட்டுமே அவிழ்க்க முடியும்" என்ற குறிப்போடு இன்று வட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. ஐன்ஸ்டைன் எழுதினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 2 சதவீதம் என்பதும் வெறும் கதை. பொறுமையும் பென்சிலும் இருந்தால் யாரும் அவிழ்க்கலாம்.

ஒரு சிறு புதிர்

சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலுக்குக் கமலா, நடராசா, பூமணி ஆகிய மூவர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் புட்டும், ஒருவர் இடியப்பமும், ஒருவர் வடையும் கொண்டு வந்தார். ஒருவர் பஸ்ஸிலும், ஒருவர் ரயிலிலும், ஒருவர் நடந்தும் வந்தார். குறிப்புகள் நான்கு:

1. பூமணி இடியப்பம் கொண்டு வந்தார்.
2. ரயிலில் வந்தவர் கமலாவிடமும் இடியப்பம் கொண்டு வந்தவரிடமும் நேரம் கேட்டார்.
3. பஸ்ஸில் வந்தவரைக் கமலா வாசலில் நின்று வரவேற்றார்.
4. நடந்து வந்தவர் வடை கொண்டு வரவில்லை.

ஒரு தாளில் மூன்று கட்டத் தொகுதிகள் வரையுங்கள்: ஆட்களும் உணவும், ஆட்களும் பயணமும், உணவும் பயணமும். ஒவ்வொன்றிலும் 9 கட்டங்கள், மொத்தம் 27. மேலே வாசிக்க முன் நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.

அவிழ்க்கும் முறை

முதற் குறிப்பு நேரடியானது. பூமணிக்கும் இடியப்பத்துக்கும் சரி போடுகிறோம். அதோடு நிறுத்தக் கூடாது. பூமணி புட்டோ வடையோ கொண்டு வரவில்லை. கமலாவும் நடராசாவும் இடியப்பம் கொண்டு வரவில்லை. ஆகவே ஒரு சரி போட்டவுடன் நான்கு புள்ளடிகள் போட வேண்டும்.

இரண்டாம் குறிப்பில் நேரம் கேட்டது முக்கியமல்ல. ஒருவர் தன்னிடமே நேரம் கேட்க மாட்டார். ஆகவே ரயிலில் வந்தவர் கமலா அல்லர், இடியப்பம் கொண்டு வந்தவரும் அல்லர். இடியப்பம் கொண்டு வந்தவர் பூமணி என்று ஏற்கனவே தெரியும். எனவே பூமணியும் ரயிலில் வரவில்லை. மிஞ்சுவது நடராசா. அவருக்கும் ரயிலுக்கும் சரி போடலாம். அவர் பஸ்ஸிலும் வரவில்லை, நடந்தும் வரவில்லை என்று புள்ளடிகளையும் இட்டுவிடுங்கள்.

மூன்றாம் குறிப்பும் அப்படியே. கமலா வரவேற்றார் என்றால் பஸ்ஸில் வந்தவர் வேறொருவர். கமலாவுக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆகவே அவர் நடந்து வந்தவர். பஸ் பூமணிக்கு.

நான்காம் குறிப்பின்படி நடந்து வந்தவரிடம் வடை இல்லை. நடந்து வந்தவர் கமலா என்பதால் கமலாவிடம் வடை இல்லை. இடியப்பமும் இல்லை. ஆகவே அவர் கொண்டு வந்தது புட்டு. வடை நடராசாவுடையது.

முடிவில் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். சரி 9, புள்ளடி 18. விடை என்று நாம் சொல்வது அந்த 9ஐத்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை புள்ளடிகள் காட்டிக் கொடுத்தவை.

பலர் தடக்குப்படும் இடங்கள்

முதலாவது, சரியை மட்டும் போட்டுப் புள்ளடிகளை மனதில் வைத்திருப்பது. சிறிது நேரத்தில் அவை மறந்துவிடும். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இரண்டாவது, ஒரு தொகுதியில் கண்டதை மற்றத் தொகுதிக்குக் கொண்டு போகாமல் விடுவது. "இடியப்பத்துக்கு ரயில் இல்லை" என்பது "பூமணிக்கு ரயில் இல்லை" என்று மாறிய இடந்தான் எங்கள் புதிரின் திறப்பு.

மூன்றாவது, ஊகிப்பது. ஒரு வழியும் தெரியாதபோது "இதுவாக இருக்கலாம்" என்று ஒரு சரியைப் போட்டால், அந்தப் பிழை பத்துக் கட்டங்கள் தாண்டித்தான் வெளியே தெரியும். அப்போது எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிப்பது கடினம். பழைய குறிப்புகளை மீண்டும் முதலில் இருந்து வாசியுங்கள். முதல் வாசிப்பில் பயன்படாத குறிப்பு இப்போது பயன்படும்.

மறதி நோயைத் தடுக்குமா?

விளையாட விளையாட அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அந்தத் திறமை மற்ற வேலைகளுக்கும் பரவுமா என்பதுதான் கேள்வி. 2010இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 11,430 பேர் ஆறு வாரங்கள் கணினியில் மூளைப் பயிற்சி செய்தார்கள். பயின்ற வேலைகளில் முன்னேறினார்கள். பயிலாத வேலைகளுக்கு அந்த முன்னேற்றம் பரவவில்லை.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,802 பேரைக் கொண்டு நடந்த 'அக்ரிவ்' ஆய்வில் தர்க்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு அத்திறமையில் கிடைத்த நன்மை பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓரளவு நீடித்தது. ஆனால் அது ஆய்வாளர்கள் திட்டமிட்டு, பயிற்றுநர் முன் நடத்திய பயிற்சி. தொலைபேசியில் நாம் விளையாடும் புதிரும் அதுவும் ஒன்றல்ல.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'லுமோசிற்றி' என்ற மூளை விளையாட்டை விற்ற நிறுவனம், முதுமையில் வரும் அறிவுத் தளர்ச்சியை அது குறைக்கும் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2016இல் அந்நிறுவனம் 20 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. ஆகவே மறதியைத் தடுக்கும் மருந்து என்று எண்ணி எந்த விளையாட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். பிடித்திருந்தால் விளையாடுங்கள். மகிழ்ச்சியும் ஒரு நல்ல காரணந்தானே.

எதைச் செய்தால் பயன்?

'லான்செற்' மருத்துவ சஞ்சிகையின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்சியா எனப்படும் மறதி நோயுடன் தொடர்புடைய, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீதமான டிமென்சியாவைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியும் என்று அது கணித்தது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கூடாத கொலஸ்ரரோல், புகைத்தல், அதிக மது, உடற்பருமன், உடற்பயிற்சியின்மை, செவிப்புலன் குறைவு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, தலையில் அடிபடுதல், மாசடைந்த காற்று, சிறுவயதில் கல்வி குறைவு என்பவையே அந்த 14.

கடைசியாகச் சொன்னது எமது தலைமுறையில் பலருக்கு இடப்பெயர்வு செய்த வேலை. அதை இனி மாற்ற முடியாது. ஆனால் மற்றவற்றில் பல எமது கையில் உள்ளன. நீரிழிவும் குருதி அமுக்கமும் எம்மவரிடையே எவ்வளவு பரவலாக உள்ளன என்பது உங்களுக்குத் தெரியும். காது கேட்கும் கருவியை வாங்கி அலுமாரிக்குள் வைத்திருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் சொல்லக்கூடியது: ஆயிரம் புதிர்களை அவிழ்ப்பதைவிட அந்தக் கருவியைக் காதில் போடுவது நல்லது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களில், ஏற்கனவே இவ்வகை நோய் கண்டறியப்படாதவர்களுக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்.எச்.எஸ். இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் எறிந்துவிடாதீர்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

புதிரை அவிழ்க்க முடியவில்லை என்பதால் மறதி நோய் என்று பயப்பட வேண்டாம். ஆங்கிலக் குறிப்புகள் விளங்காமல் இருப்பதும் மூளையின் குறையல்ல. அதேபோல, "அப்பா புதிரெல்லாம் அவிழ்க்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை" என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். பார்க்க வேண்டியது மாற்றத்தை. வழக்கமாகச் சமைக்கும் கறியின் முறை மறப்பது, மருந்தை இரண்டு தடவை போடுவது, பில் கட்ட மறப்பது, பழகிய வழி தவறுவது, முன்பு எளிதாகச் செய்ததில் இப்போது திணறுவது போன்றவை சில மாதங்களாகத் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரைச் சந்தியுங்கள்.

மறதி என்றவுடன் டிமென்சியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குளிசை போன்றவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சைவ உணவு மட்டும் உண்பவர்களிடமும், நீரிழிவுக்கு நீண்டகாலமாக மெற்போர்மின் எடுப்பவர்களிடமும் பி12 குறையலாம். சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் திடீரென்று குழப்பம் வந்தால் அன்றே வைத்திய உதவி தேவை. முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஏதாவது ஒன்று தெரிந்தால் உடனே 999ஐ அழையுங்கள்.

விளையாடுபவர்களுக்குச் சில ஆலோசனைகள்

• தனியே விளையாடாமல் பேரப்பிள்ளையோடு சேர்ந்து விளையாடுங்கள். அவர் ஆங்கிலக் குறிப்பை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் கட்டத்தை நிரப்புங்கள். அவருக்குத் தமிழ், உங்களுக்குத் துணை.
• அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள். கழுத்தைக் குனிந்தபடி நெடுநேரம் இருக்க வேண்டாம்.
• படுக்கைக்குத் தொலைபேசியைக் கொண்டு போகாதீர்கள். நல்ல நித்திரை எந்தப் புதிரைவிடவும் மூளைக்கு முக்கியம்.
• "உதவி" என்ற பொத்தான் சில விளையாட்டுகளில் பணம் கேட்கும். வங்கி அட்டை விபரத்தைப் பதிந்து வைக்க வேண்டாம்.
• எழுத்துச் சிறியதாக இருந்தால் தாளில் பெரிதாகக் கட்டம் வரையுங்கள்.

வைத்தியரின் கட்டம்

நோயைக் கண்டறிவதிலும் புள்ளடிக்குப் பெரிய இடம் உண்டு. 1990களில் நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த காலத்தில் மின்சாரமே இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, "இது இல்லை, இதுவும் இல்லை" என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் நோயைத் தேடினோம். இன்று ஸ்கான்கள் இருந்தும் தொடக்கம் அதேதான்.

ஆனால் உடம்பு கட்டப் புதிர் அல்ல. புதிரில் ஒருவருக்கு ஒரு சரிதான். உடம்பில் ஒருவருக்கு இரண்டு மூன்று நோய்கள் ஒன்றாக இருக்கலாம். நீரிழிவு இருக்கிறது, ஆகவே களைப்புக்கு அதுதான் காரணம் என்று நீங்களே சரி போட்டு முடிக்கக் கூடாது. இரத்தச் சோகையும் இருக்கலாம். புதிரில் போட்ட புள்ளடி மாறாது. உடம்பில் போன வருடம் இல்லாத நோய் இவ்வருடம் வரலாம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. புதிரில் எல்லாக் குறிப்புகளும் தாளில் இருக்கும். இங்கே குறிப்புகள் உங்களிடம் இருக்கின்றன. ஒன்றை மறைத்தால் எவ்வளவு கெட்டிக்கார வைத்தியரும் பிழையான கட்டத்தில் சரி போடக்கூடும். ஆகவே போகும்போது இவற்றைச் சொல்லுங்கள்:

• ஊரில் இருந்து வந்த குளிசைகள், ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தும். பெயர் தெரியாவிட்டால் பெட்டியையே கொண்டு போங்கள்.
• வருத்தம் எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது.
• குடி, புகை, விழுந்தது, மனக்கவலை. வெட்கப்பட வேண்டாம், வைத்தியர் இரகசியம் காப்பார்.
• குளிசை போடாமல் விட்ட நாட்கள். "ஒழுங்காகப் போடுகிறேன்" என்று சொன்னால் தேவையில்லாமல் அளவு கூட்டப்படலாம்.

மொழி தடையாக இருந்தால் பிள்ளையைக் கொண்டு பேசாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளை முன் சொல்லக் கூச்சப்படும் விடயம் பெரும்பாலும் முக்கியமான குறிப்பாக இருக்கும். என்.எச்.எஸ். குடும்ப வைத்தியரிடம் இச்சேவைக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. நேரம் பதியும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.