லைப்ரரி இல்லை என்கிறதா கம்ப்யூட்டர்? பயப்படாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், ஒரு சாப்ட்வேர் என்றால் ஒரே ஒரு பைல் என்றுதான் நாம் நினைக்கிறோம். டவுன்லோட் செய்து, டபுள் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2019 ஜனவரியில், ஏனாத்தூரில் உள்ள எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் அந்த நினைப்பை மாற்றியது.

என் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். கண் பார்வை குறைந்துகொண்டே வந்ததால் செய்தித்தாளில் தலைப்புகளை மட்டுமே அவரால் படிக்க முடிந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிய பழைய சிறு புத்தகம் ஒன்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு எப்படி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லும் புத்தகம் அது. "இதை இன்னொரு தடவை முழுசாப் படிச்சுட்டா போதும்ப்பா" என்றார்.

பக்கங்களை ஸ்கேன் செய்து ஜேபெக் படங்களாக வைத்துக் கொண்டேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் மவுஸைப் பிடித்து இழுக்க வேண்டும். படத்தில் உள்ளதை எழுத்துகளாக மாற்றிவிட்டால், எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி மடங்கித் திரைக்குள் நிற்கும். இந்த வேலையைச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்தான் டெஸராக்ட். ஹெச்.பி. நிறுவனம் 1985ல் உருவாக்கத் தொடங்கிய இது, 2005ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்டது. 2018ல் வந்த இதன் 4ஆம் பதிப்பு, நியூரல் நெட்வொர்க் முறையில் எழுத்துகளைப் படிக்கிறது. இதில் தமிழும் உண்டு.

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது உபுண்டு 16.04. அதனுடன் கிடைத்ததோ டெஸராக்டின் 3ஆம் பதிப்பு. அது என் அப்பாவின் புத்தகத்தைப் படித்த விதத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உபுண்டுவையே புதிய பதிப்புக்கு மாற்றினால் பிரிண்டர் வேலை செய்யாமல் போகுமோ என்ற பயம் வேறு. எனவே 4ஆம் பதிப்பின் சோர்ஸ் கோடை டவுன்லோட் செய்து, நானே பில்ட் செய்வது என முடிவெடுத்தேன்.

ஜரிகை இல்லாமல் பட்டுச் சேலையா?

முதல் கட்டளையை டைப் செய்தவுடனேயே எர்ரர் வந்தது. லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை என்றது. லெப்டோனிகா என்பது படங்களைக் கையாளும் ஒரு லைப்ரரி. உபுண்டு 16.04ல் இருந்ததோ 1.73.

லைப்ரரி என்றால் என்ன? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பட்டுச் சேலை நெய்பவர் ஜரிகையைத் தானே தயாரிப்பதில்லை. அது சூரத்திலிருந்து வருகிறது. அதுபோல ஒரு புரோகிராமை எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. படத்தைத் திறக்க ஒன்று, சுருக்கியதை விரிக்க ஒன்று என மற்றவர்கள் எழுதி வைத்ததைப் பயன்படுத்திக் கொள்கிறார். அவைதான் லைப்ரரிகள். ஒன்று இன்னொன்றை நம்பி இருப்பதை டிபென்டன்சி என்கிறார்கள். டெஸராக்டுக்கு லெப்டோனிகா வேண்டும். லெப்டோனிகாவுக்கோ ஜேபெக், பி.என்.ஜி. படங்களைத் திறக்கும் லைப்ரரிகள் வேண்டும். இப்படி ஒரு சங்கிலி.

சரி, முதலில் லெப்டோனிகாவை பில்ட் செய்வோம் என்று அதன் சோர்ஸ் கோடை எடுத்தேன். 'கான்ஃபிகர்' கட்டளை உங்கள் கம்ப்யூட்டரில் எந்தெந்த லைப்ரரிகள் உள்ளன என்று தேடிப் பார்க்கும். அடுத்து 'மேக்' (இது ஆப்பிள் மேக் அல்ல!) சோர்ஸ் கோடை புரோகிராமாக மாற்றும். கடைசியாக 'மேக் இன்ஸ்டால்' அதை உரிய இடத்தில் வைக்கும். மூன்றும் எர்ரர் இல்லாமல் முடிந்தன. இதேபோல டெஸராக்டையும் பில்ட் செய்தேன்.

இயக்கினால் மீண்டும் ஓர் எர்ரர். டெஸராக்ட் லைப்ரரி பைலைத் திறக்க முடியவில்லையாம்! இப்போதுதானே இன்ஸ்டால் செய்தோம்? கவலை வேண்டாம். புதிய லைப்ரரி வந்திருப்பதை லினக்ஸுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு 'எல்.டி.கான்ஃபிக்' என்ற கட்டளையை அட்மினிஸ்டிரேட்டர் உரிமையுடன் ஒருமுறை இயக்கினால் போதும். அடுத்து தமிழ் டேட்டா பைல் இல்லை என்றது. அதைத் தனியாக டவுன்லோட் செய்து அதன் போல்டரில் வைத்தேன்.

எர்ரரே வராத பிழை

இனி எல்லாம் சரி என்று அப்பாவை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பக்கத்தைக் கொடுத்தேன். 'பங்ஷன் நாட் பிரசன்ட்' என்று ஒரு செய்தி. எழுத்து ஒன்றுகூட வரவில்லை. அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அன்று இரவு காரணம் பிடிபட்டது. லெப்டோனிகாவை பில்ட் செய்தபோது, ஜேபெக் லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் என் கம்ப்யூட்டரில் இல்லை. அது இல்லாவிட்டால் லெப்டோனிகா எர்ரர் தருவதில்லை. ஜேபெக் வசதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை பில்ட் செய்துவிடுகிறது. ஜரிகை வரவில்லை என்று கரை இல்லாமலே சேலையை நெய்து கொடுத்த கதைதான்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு புரோகிராமை இயக்க லைப்ரரி இருந்தால் போதும். ஆனால் பில்ட் செய்ய, அந்த லைப்ரரியில் என்னென்ன உள்ளன என்று சொல்லும் ஹெடர் பைல்களும் வேண்டும். உபுண்டுவில் இவை பெயரின் இறுதியில் 'டெவ்' என்று முடியும் தனி பேக்கேஜில் இருக்கும். பெடோராவில் 'டெவல்' என்று முடியும். "லைப்ரரி இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அந்த டெவ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, லெப்டோனிகாவை மட்டும் மீண்டும் பில்ட் செய்தேன். டெஸராக்டைத் தொடவே இல்லை. இரண்டும் தனித்தனிப் பைல்கள் என்பதால், ஒன்றைச் சரி செய்தாலே போதுமானதாக இருந்தது. டெஸராக்டிடம் அதன் வெர்ஷனைக் கேட்டால், லெப்டோனிகாவுடன் எந்தெந்தப் பட லைப்ரரிகள் சேர்ந்துள்ளன என்றும் பட்டியலிடும். முதலிலேயே அதைப் பார்த்திருந்தால் அப்பாவை ஏமாற்றியிருக்க வேண்டாம்.

விண்டோஸிலும் ஆப்பிளிலும் எப்படி?

லைப்ரரி எல்லா இடத்திலும் உண்டு, பெயர்தான் வேறு. விண்டோஸில் டி.எல்.எல்., லினக்ஸில் எஸ்.ஓ., ஆப்பிள் மேக்கில் டைலிப். விண்டோஸுக்கு டெஸராக்ட் இன்ஸ்டாலர் ஒன்றை ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தயாரித்து வழங்கி வந்திருக்கிறது. தேவையான டி.எல்.எல். பைல்கள் அதற்குள்ளேயே இருக்கும். ஆப்பிளில் ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜரிடம் டெஸராக்ட் வேண்டும் என்றால், லெப்டோனிகாவையும் சேர்த்துக் கொண்டு வந்துவிடும். விண்டோஸில் நீங்களே பில்ட் செய்வதானால் மைக்ரோசாப்டின் விசிபேக்கேஜ், அல்லது எம்சிஸ்2 உதவும்.

ஓர் எச்சரிக்கை. ஏதோ ஒரு டி.எல்.எல். இல்லை என்று விண்டோஸ் சொன்னால், ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து அந்த ஒரு பைலை மட்டும் டவுன்லோட் செய்திடாதீர்கள். அதில் வைரஸ் இருக்கலாம். பதிப்பும் பொருந்தாமல் போகலாம். புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து மீண்டும் இன்ஸ்டால் செய்வதே நல்லது.

மறக்க வேண்டாம்

1. பில்ட் செய்யும் முன், பேக்கேஜ் மேனேஜரில் தேவையான பதிப்பு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே போதும். உபுண்டு 22.04, 24.04 ஆகியவற்றில் இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

2. எர்ரர் மெசேஜ்கள் வரிசையாக வந்தால் முதலில் வந்ததைப் படியுங்கள். மற்றவை அதன் விளைவுகளாகவே இருக்கும்.

3. 'கான்ஃபிகர்' முடிந்ததும் அது காட்டும் வரிகளைப் படியுங்கள். 'நோ' என்று உள்ள இடங்களில் உங்களுக்குத் தேவையானது இருக்கிறதா என்று பாருங்கள்.

4. லினக்ஸில் ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிகளைத் தேடுகிறது என்று 'எல்.டி.டி.' கட்டளை காட்டும். கிடைக்காததன் எதிரே 'நாட் பவுண்ட்' என்று வரும்.

மறுநாள் காலை அப்பாவை மறுபடியும் உட்கார வைத்தேன். முதல் பக்கம் எழுத்துகளாக வந்தது. 30 பாயிண்ட் அளவில் வைத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "இந்த இடத்துல துணைக்கால் வரணும், உன் கம்ப்யூட்டர் 'ர'ன்னு போட்டிருக்கு பார்" என்றார். பக்கத்துக்கு நாலைந்து பிழைகள் இருந்தன. ஒரு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார், பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல.

புத்தகத்தை முடிக்க அவருக்குப் பதினொரு நாட்கள் ஆயின. அடுத்து எந்தப் புத்தகம் என்று அவரே கேட்டார்.